அக்காவுக்கு ஆகாதவை

கல்யாணம் முடிந்து ஆரணிக்கு வந்து இறங்கிய அன்று, ஆரத்தி சுற்றுவதற்கு முன்பே என் தலையில் இருந்த பூவை எடுக்கச் சொன்னார்கள். வந்தவாசியில் என் அம்மா அக்கம்பக்கத்துப் பெண்களை உட்கார வைத்துக் கட்டிய மல்லிகை அது. பின்னலை மறைத்துக்கொண்டு இடுப்பு வரை தொங்கியது. என் கணவரின் அண்ணன்தான் வாசலுக்கு வந்து சொன்னார். என்னைப் பார்க்காமல் என் அம்மாவைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, மிகவும் மரியாதையாகச் சொன்னார். உள்ளே அவர் மனைவிக்கு வாசனை எதுவும் ஆகாதாம். பூவை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்தால் நல்லதாம். தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதாம்.

"கல்யாணப் பொண்ணு தலையில கீற பூவ எடுக்கச் சொல்ற வூட்ட இப்பத்தான் பாக்கறேன்" என்று அம்மா என் காதோடு சொல்லியபடியே ஊசிகளைப் பிடுங்கினாள். ஊசி குத்தியதில் எனக்குக் கண்ணில் நீர் வந்தது. புகுந்த வீட்டுக்காரர்கள் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டிருப்பார்கள். யாரோ கடைத்தெருவுக்குப் போய்க் கனகாம்பரம் வாங்கி வந்தார்கள். கனகாம்பரத்தில் நிறம் உண்டு, வாசனை கிடையாது. அதை வைத்துக்கொண்டுதான் வலது காலை எடுத்து உள்ளே வைத்தேன்.

கூடத்தின் கோடியில், ஜன்னலை ஒட்டி, வெளுத்த நூல் புடவையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வரவில்லை. அங்கிருந்தே சிரித்தாள். பவுடர் இல்லாமல், பூ இல்லாமல், பட்டு இல்லாமல் அவள் அழகாக இருந்தாள். பட்டும் நகையுமாக நின்ற என்னை விட்டுவிட்டு எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள், ஏதாவது செய்கிறதா என்று. அன்றைக்கு ஆரம்பித்தது எனக்குப் பொறாமை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. என் ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். கண்ணமங்கலத்துப் பெண். இரண்டு பையன்கள், இருவரும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் கல்யாணமாகி வந்த காலத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் வேலை வீட்டின் பின்கட்டிலேயே நடந்திருக்கிறது. ஒரு பொங்கலுக்கு வீட்டுக் கதவு ஜன்னல்களுக்கெல்லாம் எனாமல் பெயின்ட் அடித்தார்கள். பின்னால் சாயம் கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா அடுப்படியில் மயங்கி விழுந்தாள். எழுந்தவள் பழையபடி ஆகவே இல்லை. முதலில் பெயின்டும் சாயமும் ஆகவில்லை. பிறகு மண்ணெண்ணெய், பிறகு ஊதுவத்தி, பவுடர், சோப்பு, கற்பூரம், கடையிலிருந்து வந்த புதுத் துணி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போனது. பட்டால் தலையைப் பிளக்கும் வலி, நெஞ்சில் அழுத்தம். நாக்கு தடித்துப்போகும், பேச நினைத்த வார்த்தை வராது. அடித்துப் போட்ட மாதிரி இரண்டு நாள் படுத்துக் கிடப்பாள். வேலூர் ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். எதிலும் ஒன்றும் தெரியவில்லை. சிலருடைய உடம்பு இப்படி ஆகிவிடுவது உண்டு, எதெது ஆகவில்லையோ அதிலிருந்து தள்ளி இருப்பதுதான் முதல் வைத்தியம் என்று ஒரு டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு வீடே மாறிவிட்டது. சாயம் போடும் வேலையை ஊருக்கு வெளியே இருந்த ஒரு பட்டறைக்குக் கொடுத்துவிட்டார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு மட்டும். துணி துவைக்கப் பூந்திக்கொட்டை. பட்டு அலசுவதற்கென்று வீட்டில் எப்போதும் இருப்பதுதான், அதையே எல்லாத் துணிக்கும் ஆக்கிக்கொண்டார்கள். யாரையும் ஒரு சொல் சொல்லாமல் விடாத என் மாமியார், வெள்ளிக்கிழமைக் கற்பூரத்தைத் தெருவில் வைத்துக் காட்டிவிட்டு வெறும் தட்டோடு உள்ளே வருவார். நான் கேட்டதற்கு, "சாமிக்குக் கண்ணு தெரியும்மா, வெளிய கீறது தெரியாதா" என்றார். விருந்தாளிகள் வந்தால் வாசலிலேயே நிறுத்தி, பவுடர் போட்டிருக்கிறாயா, சென்ட் அடித்திருக்கிறாயா என்று கேட்டு, தொட்டியில் முகம் கழுவ வைத்துத்தான் விடுவார். கலெக்டரே வந்தாலும் கழுவ வைத்திருப்பார்.

நான் பி.காம். படித்தவள். எனக்கு இதில் பாதி நம்பிக்கை இருந்தது, பாதி இல்லை. நம்பிக்கை இருந்த பாதிதான் என்னை அதிகமாக வருத்தியது என்று இப்போது தோன்றுகிறது. நடிக்கிறாள் என்று முழுசாக நம்பியிருந்தால் கோபப்பட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். கஷ்டப்படுகிற ஒருத்தியைப் பார்த்து எப்படிப் பொறாமைப்படுவது? ஆனாலும் பட்டேன். எனக்காக ஒரு முழம் பூ வாங்கி வராத என் கணவர், அண்ணிக்கு வாசனை இல்லாத சோப்பு எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வேலூர் வரை போய் வந்தார். அண்ணன் மனைவியாயிற்றே, அம்மா மாதிரி, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. சொன்ன வேலையெல்லாம் செய்தேன். அக்காவின் சாதத்தைத் தனியாக வடித்தேன், அவள் புடவைகளைத் தனியாக அலசினேன். ஒழுங்காகச் செய்கிறேனா என்று என் கையை நானே பலமுறை முகர்ந்து பார்த்துக்கொண்டுதான் அவள் அறைக்குள் போவேன்.

மல்லிப்பூ என்றால் தனக்கு உயிர் என்று ஒருநாள் அக்கா சொன்னாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. பிடிக்காததைத்தான் ஒதுக்குகிறாள் என்று அதுவரை நினைத்திருந்தேன். பிடித்ததும்கூட உடம்புக்கு ஆகாமல் போகும் என்பது எனக்கு மண்டையில் ஏறவில்லை.

நான் உண்டானபோது எனக்கும் வாசனை ஆகாமல் போனது. தாளிக்கிற வாடை வந்தால் குமட்டல். சமையல் வாடை அக்காவை ஒன்றும் செய்யாது என்பதால் ஒருநாள் கருவாடு வறுக்கப் போனார்கள். இன்றைக்கு மட்டும் வேண்டாமே அத்தை என்று கேட்டேன். மாமியார் வாணலியை இறக்காமலே சிரித்தார்.

"இன்னொன்னு வந்துட்சா? ஒரு வூட்டுக்கு ஒருத்தி போதும்மா."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்தேன். அக்கா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொம்புத் தண்ணீரை ஜன்னல் கட்டையில் வைத்தாள். அதை எடுத்துக் குடித்துவிட்டு, இவள் கொடுத்து நான் குடிக்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்தேன்.

பெண் பிறந்தாள். அவள் தவழ ஆரம்பித்ததும் தனிக்குடித்தனம் போகலாம் என்று மெதுவாகப் பேச்செடுத்தேன். இடம் போதவில்லை என்பதுதான் நான் சொன்ன காரணம். அதில் பொய்யும் இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு கிடைத்தது. புது வீடு, புது டிஸ்டெம்பர், மொசைக் தரை. அந்த வீட்டில் நான் செய்த முதல் காரியம் ஊதுவத்தி கொளுத்தியது. பிறகு தரைக்கு ஃபினாயில், குழந்தைக்குப் பவுடர், குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை, கொசுவுக்குப் பிளக்கில் சொருகுகிற மிஷின். தலை நிறைய மல்லி. தினமும் வீடு மணக்க மணக்க இருந்தது. என்னுடைய வீடு என்பது எனக்கு மூக்கு வழியாகத்தான் தெரிந்தது.

கூடவே ஒன்று வந்தது. நெய்து வந்த பட்டுப்புடவைகளைக் கடைகளுக்குப் போகும்வரை முன்பெல்லாம் மாமியாரின் பெரிய வீட்டில்தான் வைத்திருப்பார்கள். பூச்சி அரிக்காமல் இருக்கப் பாச்சை உருண்டை போட வேண்டும். அந்த வெள்ளை உருண்டைகள் அக்காவுக்குச் சுத்தமாக ஆகாது. அதனால் அதுவரை புடவைகள் இரண்டு வீடு தள்ளி ஒரு பங்காளி வீட்டில் இருந்தன. இப்போது நாங்கள் தனி வீடு வந்துவிட்டோம் என்றதும் பீரோ எங்கள் படுக்கையறைக்கு வந்தது. அவளுக்கு ஆகாததெல்லாம் என் தலையிலா என்று ஒரு பக்கம் தோன்றியது. பட்டு முழுக்க என் பொறுப்பில் என்று இன்னொரு பக்கம் பெருமையாகவும் இருந்தது. என் கணவர் உருண்டைகளைப் புடவைகளோடு வைக்க மாட்டார். ஜரிகையில் பட்டால் கறுத்துவிடும் என்பது நெசவுக்காரர் வீட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். பழைய வேட்டித் துணியில் மூட்டை மூட்டையாகக் கட்டி, பீரோவுக்கு அடியிலும் அதை ஒட்டிய கட்டிலுக்கு அடியிலும் தள்ளி வைப்பார். வாடை போய்ச் சேர வேண்டும், உருண்டை ஜரிகைக்குக் கிட்டே வரக் கூடாது. அவர் அப்பா செய்தது, தாத்தா செய்தது. ஒவ்வொரு மாதமும் மூட்டையைப் பிரித்து, கரைந்துபோன அளவுக்குப் புது உருண்டை சேர்ப்பார். அந்தக் கட்டிலில்தான் என் மகள் தூங்கினாள்.

மூன்று வயது முடிகிற சமயத்தில் அவளுக்கு இருமல் ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் கண் சிவந்திருக்கும், தலை வலிக்கிறது என்று அழுவாள். எதைக் கேட்டாலும் எரிந்து விழுவாள். பிரைமரி காம்ப்ளக்ஸ் என்கிற குழந்தை டி.பி.யாக இருக்குமோ என்று பார்த்தார்கள், இல்லை. டானிக் கொடுத்தார்கள், சிரப் மாற்றிக் கொடுத்தார்கள். தூசியாக இருக்கும் என்று நான் இன்னும் அதிகமாகக் கழுவினேன். ஃபினாயில் ஒரு மூடி ஊற்றிய இடத்தில் இரண்டு மூடி ஊற்றினேன். சளி கட்டக் கூடாதென்று சாம்பிராணியை நன்றாகக் காட்டினேன். நான் எவ்வளவு கவனமாக இருந்தேனோ அவ்வளவு மோசமானது.

பெரிய வீட்டுக்குப் போனால் மட்டும் குழந்தை நன்றாக இருந்தாள். காலையில் கொண்டுபோய் விட்டால் மத்தியானத்துக்குள் முகம் தெளிந்துவிடும். அங்கே ஜன்னலோரம் வெறும் பாயில் பெரியம்மா பக்கத்தில் படுத்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்குவாள். சாயங்காலம் நான் கூப்பிடப் போனால் தூணைக் கட்டிக்கொள்வாள்.

"பெரிம்மா வூட்லயே இருக்கறேன். நம்ம வூடு வலிக்குது."

வீடு எங்கேயாவது வலிக்குமா என்று அவளை இழுத்துக்கொண்டு வந்தேன். செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாள் என்று நினைத்தேன். தெருவில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் வேறு மாதிரி பேசினார்கள். "பெரியவளப் பாத்து சின்னது கத்துகினு கீது. ஜல்தியா பிரிச்சி வையி" என்றாள் ஒருத்தி. அது என் மனதில் நன்றாக உட்கார்ந்துகொண்டது. அக்காவுக்கு முடியாத நாட்களில் பேச்சு வராது என்றேன் அல்லவா, அப்போது என் மகள் யாரும் சொல்லாமல் ஜன்னலைத் திறந்து வைத்து, தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு கேள்வி கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். நான் படுத்திருந்தால் என் மேல் ஏறி மிதிக்கிற பிள்ளை. அதைப் பார்த்தபோது எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. கொஞ்ச நாள் அங்கே அனுப்பாமல் நிறுத்தி வைத்துப் பார்த்தேன். இருமல் கூடியதுதான் மிச்சம்.

எல்.கே.ஜி.யும் யு.கே.ஜி.யும் பாதி நாள் லீவிலேயே போயின. ஜூனில் ஒன்றாம் வகுப்பு. அந்த வருடக் கோடை லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரின் அண்ணன் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, எங்கள் வீட்டுக்குள் வந்தால் அவர் சட்டையில் வாடை ஏறும். வாசலில் நின்றபடியே அவர் தம்பியிடம் சொன்னார்: குழந்தை பெரிய வீட்டிலேயே இருக்கட்டும், அங்கிருந்தே பள்ளிக்கூடம் போகட்டும், அவள் உடம்புதான் முக்கியம். என் கணவர் தலையாட்டினார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் சொல்வதில் தப்பே இல்லை. தப்பு இருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

லீவு முடிகிற வரைக்கும் இருக்கட்டும் மாமா, அப்புறம் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

அந்த மே மாதம் என் பெண்ணைப் பார்க்க நான் விருந்தாளி மாதிரி போனேன். மாமியார் வாசலில் நிறுத்துவார். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் குளித்து, அங்கேயே ஒரு கொடியில் எனக்கென்று போட்டிருந்த பழைய நூல் புடவையைக் கட்டிக்கொண்ட பிறகுதான் உள்ளே போகலாம். ஈரத் தலையோடு பின்வாசலில் நிற்பேன். உள்ளே அக்காவும் என் பெண்ணும் சிரிக்கிற சத்தம் கேட்கும். என் பிள்ளையைப் பார்க்க நான் வரிசையில் நிற்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். உள்ளே போனால், ஓடி வந்து கட்டிக்கொள்வாள், உடனே பெரியம்மாவிடமே ஓடிவிடுவாள். அவள் கன்னத்தில் சதை பிடித்திருந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படவும் செய்தேன், பொய் சொல்லவில்லை.

ஒருநாள் மத்தியானம், குழந்தை தூங்கிய பிறகு, அக்காவிடம் நேராகவே கேட்டேன். எப்படியாவது ஜூனுக்குள் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும், நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது அவளுக்குத் தெரிந்ததா என்று தெரியாது. தூங்குகிற குழந்தையை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"எல்லாத்தையும் ஒரே நாள்ல தூக்கிப் போட்டீன்னா எதுன்னு தெரியாது. ஒன்னொன்னா வெளிய எடு. ஒன்ன எடுத்துட்டு ரெண்டு நாள் கதவத் தொறந்து வையி. அப்பறம் புள்ளய ஒரு மணி நேரம் கூட்டிகினு போயி உக்கார வச்சிப் பாரு. அவள எதுவும் கேக்காத. கேட்டா உனக்காக வலி இல்லன்னு சொல்லிடுவா."

கடைசியில் சொன்னது என்னைச் சுட்டது. எனக்காகப் பொய் சொல்லுவாள் என்று இவளுக்கு எப்படித் தெரியும்? என் பெண் எனக்காக என்ன செய்வாள் என்பது எனக்கல்லவா தெரிய வேண்டும்?

ஆனாலும் அப்படியே செய்தேன். முதலில் கொசு மிஷினைப் பிடுங்கினேன். கொசுவலை வாங்கினோம். பிறகு ஃபினாயில். வெறும் தண்ணீரில் தரை துடைத்தால் சுத்தமாகிவிடுமா என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பவுடர் டப்பாக்களைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். ஊதுவத்தி போனது, சாம்பிராணி போனது, கடைசியாகப் பூ. ஒவ்வொன்றும் போகப் போக என் வீடு எங்கேயோ போய்க்கொண்டிருந்த மாதிரி இருந்தது. குழந்தையைக் கூட்டி வந்து உட்கார வைத்தால் இருமல் குறைந்திருந்தது. கூடத்தில் நன்றாக விளையாடினாள். படுக்கையறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் இருந்தால் மட்டும் கண்ணைக் கசக்கினாள், புருவத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டாள். வலிக்கிறதா என்று கேட்காமல் இருக்க நான் என் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

இனி எடுப்பதற்கு எதுவும் இல்லை என்று தோன்றிய ஒரு நாள், அவள் தூங்குகிற இடத்தில் நானே போய்ப் படுத்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த அறையின் வாடை எனக்கு எப்போதோ பழகிவிட்டது, பட்டு இருக்கிற அறை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். கொலுசுத் திருகாணி ஒன்றைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டேன். மூட்டைகள் தட்டுப்பட்டன. ஒன்றை இழுத்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலையணையிலிருந்து ஒரு முழம்கூட இல்லை.

என் கணவர் வந்ததும் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. காலம் காலமாக வைப்பது, நாங்களெல்லாம் இதன் பக்கத்தில் படுத்துத்தான் வளர்ந்தோம், பூச்சி அரித்தால் யார் பதில் சொல்வது என்றார். நான் அவரோடு அதிகம் வாதாடுகிறவள் இல்லை. அன்றைக்கு மூட்டையைப் பீரோவுக்குள் புடவை மேல் வைக்கப் போனேன். பதறிப்போய்க் கையைப் பிடித்தார்.

"இன்னா பண்ற? ஜரிகை கறுத்துடும்."

"ஜரிகைக்கு ஆவாதுன்னு இவ்ளோ தூரம் தள்ளி வச்சீங்களே. தள்ளி வச்ச எடத்துல யாரு தூங்கறான்னு பாத்தீங்களா?"

மூட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவர் கட்டிலில் உட்கார்ந்தார். மறுநாள் காலையில் ஆள் கூட்டி வந்து பீரோவை, யாரும் படுக்காத தறிக்கூடத்துக்குக் கொண்டுபோனார். மூட்டைகளும் போயின. கட்டிலை வெயிலில் போட்டோம். மெத்தையைக் கொடுத்துவிட்டுப் பாய் வாங்கினோம். சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தோம். ஜன்னல்களை இரவும் பகலும் திறந்து வைத்திருந்தோம். தெருவில் போகிறவர்கள், வீட்டைக் காலி செய்கிறீர்களா என்று கேட்டார்கள்.

பள்ளிக்கூடம் திறக்கச் சில நாட்கள் இருக்கும்போது குழந்தையைக் கூட்டி வந்தேன். சாப்பிட்டாள், விளையாடினாள், மத்தியானம் படுக்கையறையில் பாயில் படுத்துத் தூங்கிப்போனாள். நான் அறை வாசல்படியில் உட்கார்ந்து அவள் மூச்சு விடுவதையே கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் எழுந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கண்ணைப் பார்த்தேன், சிவப்பு இல்லை. நெற்றிக்குக் கை போகவில்லை. சோம்பல் முறித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள்.

"பெரிம்மா வூடு மாதிரியே கீது" என்றாள்.

அதைவிடப் பெரிய பாராட்டை அவளால் சொல்லியிருக்க முடியாது. எனக்குத் தெரியும். அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். இது அம்மா வீடு என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் ஆமாம் என்று சொல்லுவாள், எனக்காக. அதனால் சொல்லவில்லை.

அடுத்த நாள் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வரும் வழியில், குழந்தையின் மிச்சத் துணிகளை எடுத்துவரப் பெரிய வீட்டுக்குப் போனேன். குளிக்க நேரமில்லை, உள்ளே போகாமல் ஜன்னலுக்கு வெளியே தள்ளி நின்றே பேசினேன். குழந்தை நன்றாகத் தூங்கினாள், தலைவலி இல்லை, இனி எங்கள் வீட்டிலிருந்தே பள்ளிக்கூடம் போவாள் என்று சொன்னேன். வேண்டுமென்றே சாதாரணமாகச் சொன்னேன், ஜெயித்த மாதிரி தெரியக் கூடாதென்று. தெரிந்திருக்கும்.

அக்கா நல்லது என்றாள். மடித்து வைத்திருந்த சின்னச் சட்டைகளை ஜன்னல் கட்டையில் ஒவ்வொன்றாக வைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"கோச்சுக்காத. எனக்குக் கொஞ்சம் பொறாமையாத்தான் கீது."

குழந்தை போகிறாளே என்பதைச் சொல்கிறாள் என்று நினைத்து, தினமும் சாயங்காலம் கூட்டிவருகிறேன் அக்கா என்றேன்.

"அது இல்லம்மா. அவ சின்னப் புள்ள, தேறிட்டா. தெருவுல போவா, வருவா. நான் பஜாரப் பாத்து எத்தினி வருஷம் ஆவுது. நீ இந்த வூட்ல இருந்தப்ப வெளிய போயிட்டு வந்து வாசல்ல கால் கழுவிகினு நிப்ப பாரு, இங்க உக்காந்துகினே எங்கெங்க போயிட்டு வந்தன்னு சொல்லிடுவேன். மளிகைக் கடையா, ஜவுளிக் கடையா, பூக்காரிகிட்ட நின்னு பேசினியா, எல்லாம் உம் மேல இருக்கும். நீ உள்ள வந்தா எனக்குத் தலைய வலிக்கும். இருந்தாலும் ஒரு நாளும் நீ வராம இருந்தா நல்லாருக்கும்னு நெனச்சதில்ல."

இத்தனை வருடமும் இந்த ஜன்னலுக்கு உள்ளே இருப்பவளைப் பார்த்து நான் வெந்துகொண்டிருந்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே இருந்தவளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஏதோ பேச வேண்டும் என்று, "இன்னிக்கு எங்க போயிட்டு வந்தேன், சொல்லுங்க பாக்கலாம்" என்றேன்.

அவள் கண்ணை மூடினாள். காற்று என் பக்கமிருந்து அவள் பக்கம் அடித்தது. நான் இன்னும் ஓரடி பின்னால் போனேன்.

"பஸ் ஸ்டாண்டுப் பக்கம். நின்னுகினு இருந்த பஸ்ஸத் தாண்டி வந்து கீற. அப்பறம் நோட்டுப் புஸ்தகம். நெறைய. புது அட்ட, புது மை." கண்ணைத் திறந்தாள். கன்னம் லேசாகச் சிவந்திருந்தது. "இஸ்கூலுக்கா?"

என் தோள்பையில் இருந்த ஒன்றாம் வகுப்பு நோட்டுக் கட்டை நான் இன்னும் வெளியே எடுக்கவில்லை.

"அத அப்படியே புள்ள கையில குடுத்துடாத. மொட்ட மாடியில வெயில்ல பிரிச்சி வையி. வாட போவட்டும், அப்பறம் குடு" என்றாள். அதைச் சொல்லி முடிக்கும்போதே நாக்கு தடிக்க ஆரம்பித்துவிட்டது. கையை ஆட்டி, போ என்றாள். சட்டைகளை எடுத்துக்கொண்டு நான் வேகமாக நகர்ந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நேராக மாடிக்குப் போனேன். நோட்டுகளை வரிசையாகத் தரையில் வைத்து, ஒவ்வொன்றையும் நடுவில் பிரித்து, பறக்காமல் இருக்கக் கல் வைத்தேன். ஜூன் மாத வெயில், தரை காலைச் சுட்டது. குனிந்து ஒரு பக்கத்தை முகர்ந்து பார்த்தேன். எனக்குப் பிடித்த வாசனைதான், பள்ளிக்கூடம் திறக்கிற வாசனை. சுவரையும் தரையையும் கட்டிலையும் யோசித்தவள் இதை யோசிக்காமல் விட்டுவிட்டேன். குழந்தை என் பின்னாலேயே படியேறி வந்து, நோட்டெல்லாம் ஏன் காயவைத்திருக்கிறாய் என்று கேட்டாள்.

பெரியம்மா சொன்னாள் என்று சொன்னேன். நான்தான் யோசித்தேன் என்று சொல்ல ஒரு கணம் ஆசையாக இருந்தது.